‘வாங்க’ என்று கேட்காத மனிதர்

என் கணவரின் நோயை முதலில் கண்டுபிடித்தவன் என் தம்பி. ஆனால் அவன் அதை நோய் என்று நினைக்கவில்லை. திமிர் என்று நினைத்தான்.

தம்பி மேல்மலையனூர் பக்கத்தில் விவசாயம் செய்கிறான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முதல் பத்திரிகையை எங்களுக்கு வைக்கத்தான் திண்டிவனம் வந்தான். தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டில் இருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்து உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே டிவியைப் பார்த்தார்.

நம் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வாசல்படி மிதித்தவனை வாங்க என்று கேட்கவில்லை என்பதற்காகவே, பெற்றவர்கள் சண்டையைப் பிள்ளைகளும் தொடர்ந்து, பேசாமலே இருக்கும் பங்காளி வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

இவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. மோட்டார், பைப் விற்கும் கடை வைத்திருந்தார். ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒருவர் வெறும் வாஷர் வாங்க வந்தாலும் எழுந்து, “வாங்க, ஒக்காருங்க, தண்ணி குடிங்க” என்பார். சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவர் இவர்தான். ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் மோர் கொடுத்தவர் என்று நான் கேலி செய்வேன்.

தம்பி தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். தெருமுனை வரை பின்னால் ஓடினேன்.

“மாமாவுக்கு எம்மேல இன்னாக்கா கோவம்? சொல்லிட்டா தெரிஞ்சிக்கினு போறேன்.”

“அவருக்கு ஒடம்பு சரியில்லடா.”

“ஒடம்பு சரியில்லாதவரு பழத்த மட்டும் நல்லா துன்றாரே!”

எனக்கே அப்போது அது நோய் என்று தெரியாது. ஏதோ வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன்.

விழுப்புரத்தில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தவர், பக்கத்து இலையில் இருந்த ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த இலையில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. நான் கையைப் பிடித்து இழுத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. தம்பி அன்றோடு எங்களிடம் பேசுவதை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பயம்தான் என் சாப்பாடு. நான் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். மேசையில் போன் அதிர்ந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். கடையில் யாரை என்ன சொன்னாரோ, எந்த வீட்டில் நுழைந்தாரோ என்று மனம் ஓடும். செய்வினை என்றார்கள். அமாவாசைக்கு அங்காளம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பூசாரி மந்திரித்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை, திரும்பும் பஸ்ஸில் இவர் கடித்துச் சாறு உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். திண்டிவனத்தில் இறங்குவதற்குள் அழுதுவிட்டேன்.

காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டில் கஞ்சி வைத்துக் கொண்டுவருவார்கள். மரியாதை போய்விட்டவனுக்கு யாரும் கஞ்சி கொண்டுவர மாட்டார்கள். இந்த நோயின் கொடுமையே அதுதான்.

முதலில் பார்த்த டாக்டர் மன அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார். தூக்கம்தான் கூடியது. பிறகு விழுப்புரத்தில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலுக்குள்ளே எடுக்கும் படம்) எடுக்கச் சொன்னார். அந்த நடைக்கூடத்தில் உட்கார்ந்து, புற்றுநோய்க் கட்டியாகவாவது இருக்கட்டும், வெட்டி எடுத்துவிடலாமே என்று வேண்டிக்கொண்டேன். கட்டிய மனைவி வேண்டுகிற வேண்டுதலா அது? பயம் வந்தால் மனிதர் எதையும் வேண்டுவார்கள்.

மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார். “ஐயா, உங்க வீட்டம்மா அழுவுறாங்க. ஏன்னு தெரியுதா?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “கண்ல தூசி” என்றார்.

முன்மூளைத் தேய்வு என்றார் மருத்துவர் (நெற்றிக்கும் காதோரத்துக்கும் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போவது). மறதி பிறகுதான் வருமாம். முதலில் குணம் போகும். “அடுத்தவங்க மனசு நோவுமேன்னு நமக்குத் தோணுதில்ல, அந்த வேலயப் பாக்குற எடம்மா இது. அதுதான் தேஞ்சிக்கினு வருது. போனது திரும்ப வர்றதுக்கு மருந்து இல்ல.”

“அப்போ இவரு நல்லவரா இருந்ததெல்லாம் வெறும் மூளைதானா சார்?”

அவர் படத்தை உறையில் போட்டார். “எனக்கு அது தெரியாதும்மா. ஆனா இப்ப இப்படி கீறாரே, இதுல அவரு தப்பு எதுவுமில்ல. அத மட்டும் நான் சொல்ல முடியும்.”

அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. அன்பு, வெட்கம், இங்கிதம் இதெல்லாம் மனசில், ஆத்மாவில் இருப்பதாக நினைத்திருந்தேன். அவையும் கல்லீரலைப் போல, முழங்கால் மூட்டைப் போல, தேய்கிற சதையில்தான் இருக்கின்றன என்றால் மனிதன் என்பது யார்? பக்கத்து இலையில் கை வைக்காதே என்று உள்ளே இருந்து தடுக்கிற ஒன்றுதானா? அது போனபின் என் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் யார்? பஸ்ஸில் ஒரு கிழவருக்கு இடம் கொடுக்க மறந்தால்கூட இப்போது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று.

இந்த நோயோடு வாழப்போகிற வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். மூடி வைக்காதீர்கள். நான் மெல்லத் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வெளியே போவேன். அவர் சட்டைப் பையில் என் போன் நம்பர் எப்போதும் இருக்கும். சொல்லச் சொல்லப் பாதிப் பேர் நம்பினார்கள். அது போதும்.

தம்பிக்குத்தான் கடைசியாகப் போன் செய்தேன்.

“வாங்கன்னு கேக்கறதுக்கு மூளைல ஒரு எடமா? இன்னாக்கா கத வுடுற?” என்றான். அதோடு போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு மூட்டை மல்லாட்டையோடு (வேர்க்கடலை) வாசலில் நின்றான். இவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இவர் காலடியில் உட்கார்ந்தான்.

“வந்தேன் மாமா. நீ கேட்டாலும் வருவேன், கேக்காங்காட்டியும் வருவேன்.”

இவர் மூட்டையைப் பிரித்து மல்லாட்டையை உரிக்க ஆரம்பித்தார். தம்பியும் கூட உரித்தான். அப்போதிலிருந்து மாதம் தவறாமல் வருகிறான்.

ஆனால் எனக்கு மட்டும் அந்த ஆசை போகவில்லை. ஒரே ஒரு தடவை, யாரையாவது பார்த்து இவர் ‘வாங்க’ என்று கேட்டுவிட மாட்டாரா? அந்த ஒரு சொல் கிடைத்தால், உள்ளே அவர் இன்னும் இருக்கிறார் என்று நம்பிக்கொள்வேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வந்தவரைப் பார்க்காமல் இவர் வாயையே பார்த்தேன். இரண்டு சித்திரை அப்படியே போயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் காய்கறி வாங்கிவிடலாம் என்று, இவரை வீட்டில் விட்டு, கதவைச் சாத்திவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். வெயிலில் பையோடு திரும்பி வந்து கதவைத் திறந்தேன்.

இவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் பழைய சிரிப்பு, சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும்போது இருக்குமே, அதே சிரிப்பு.

“வாங்க, வாங்க” என்றார்.

கையில் இருந்த பை நழுவியது. பின்னால் தம்பி வந்துவிட்டானா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

“ஒக்காருங்க. வெய்யில்ல வந்துகினு கீறீங்க.” பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். “வூட்ல மார்க்கெட்டுக்குப் போயிகீது. இப்ப வந்துடும். பாத்துட்டுத்தான் போவணும் நீங்க.”

நான் உட்கார்ந்தேன். ஒரு மடக்குக் குடித்தேன். ‘வூட்ல’ என்று என்னைத்தான் சொல்கிறார்.

“ஜல்தியா வந்துடுவாங்களா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரல் போலவோ இருந்தது.

“வந்துடும். என்ன வுட்டுட்டு அது எங்கயும் நிக்காது.”

அவரும் எதிரில் உட்கார்ந்தார். நான் மிச்சத் தண்ணீரைக் குடித்தேன். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தோம்.