ஆர்டிஸ் எடுத்த வில்

எங்கள் விஸ்கான்சின் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்டிஸ், மான் வேட்டைக்காக, கடையில் கப்பி வைத்த இரண்டு காம்பவுண்ட் விற்களை மாறி மாறி இழுத்து எய்து பார்த்தாள். ஒன்றில் அம்பு படுவேகமாகப் பறந்தது. ஆனால் இழுக்கையில் பாதியில் முரண்டு பிடித்துத் தோளை உலுக்கியது. மற்றது வழுக்கிக்கொண்டு வந்தது. அதையே எடுத்தாள்.

"இதுல அம்பு வேகம் நொடிக்கு முப்பது அடி கம்மிக்கா," என்றான் கடைக்காரன் வெர்லின்.

"மான் என்ன ஸ்டாப்வாட்ச்சா கட்டியிருக்கு? பில்லைப் போடுடா."

நவம்பர் விடியலில் காட்டில் மரத்தின் மேல் கட்டிய வேட்டை மேடையில் உட்கார்ந்திருந்தாள். மூடுபனிக்குள்ளிருந்து ஆண்மான் ஒன்று மிதந்து வருவதுபோல் வந்து, இருபது கஜத்தில் நின்றது. தூக்கத்தில் கை நகர்வதுபோல் நாண் பின்னால் வந்தது. உடம்பு குலுங்கவில்லை, மானும் தலை தூக்கவில்லை. அம்பை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பத்தடி நடந்த மான், படுக்கப் போவதுபோல் புல்லில் சாய்ந்தது. பனி விலகும்வரை ஆர்டிஸ் கீழே இறங்கவில்லை.