நான்கு துளைகள்

ஏசி பொருத்தும் குழுவில் அவருக்குப் பெயர் 'மாப்பிள்ளை'. ஐம்பதை நெருங்கும் வயதிலும் சட்டையில் பொட்டுத் தூசி படாமல் துளை போட்டு முடிப்பவர் என்பதால் வந்த பட்டம். டிரில் முனையைக் கிண்ணம் போன்றதொரு மூடி கவ்விக்கொள்ளும்; அதிலிருந்து போகும் குழாய், தூளையெல்லாம் தரையிலிருக்கும் வேக்குவம் மெஷினுக்குள் இழுத்துவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் அது இல்லாமல் கை வைக்கவே கூடாது. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. புதிதாக வருகிறவர்களிடம் இதை வாய் வலிக்கச் சொன்னவரே அவர்தான்.

அன்று ஏழாவது மாடி அலுவலகத்தின் ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பில் நான்கு துளைதான் பாக்கி. மெஷினின் பை நிரம்பி இழுப்பு நின்றுவிட்டது. மாற்றுப் பை கீழே வண்டியில்; லிஃப்ட் ஓடவில்லை. நாலுதானே என்று முகமூடியை இறுக்கிக்கொண்டு துளைகளைப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தபோது, துப்புரவுப் பெண் சாம்பல் நிறத் தூளை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இங்க எதையும் துடைப்பத்தால கிளப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"தூசி கிடந்துச்சு சார். பெருக்கினேன்."

"மெஷின் ஓடும்போது தூசி எப்படி வரும்? மாப்பிள்ளை, மெஷின் ஓடிச்சுல்ல?"

"ஓடிச்சு சார்."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். பெருக்கியதோடு பொய்யும் சொல்கிறாள் என்று அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டபோது கொட்டிவிட்டார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் பொண்ணு மூக்குல ஏதாச்சும் கட்டியிருந்தாளா?"

"இல்ல."

மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார். "மெஷின் ஓடல சார். நான் பொய் சொல்லிட்டேன்." டிரில்லைப் பிடுங்கிக்கொண்டு சாமான் தூக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அறையைப் பூட்டி முறையாகச் சுத்தம் செய்தார்கள். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, நெஞ்சுப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள்.

அவள் வந்த அன்று, படிக்கட்டில் மன்னிப்புக் கேட்டார். "விடுங்கண்ணே," என்றாள். பிறகு தயங்கி, "அந்தத் தூசி என்ன பண்ணும்ணே? டாக்டர் இப்போதைக்கு ஒன்னும் தெரியாதுன்னுட்டாரு."

இருபது வருடம் ஊருக்கெல்லாம் சொன்ன பதில் அவருக்குத் தெரியும்.

"ஒரு நாள்தானேம்மா," என்றார் தரையைப் பார்த்தபடி. அவள் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டு மேலே ஏறினாள்.