முளைப்பாரி வீட்டில் பொங்கிய பால்

ஆத்தா மாரியை நம்பி இதைப் படிக்கும் எல்லோருக்கும் போடிநாயக்கனூரிலிருந்து முத்துலட்சுமியின் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பேசிப் பழக்கம் உண்டு. அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதனால் பேசுகிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம். நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு ஏலக்காய் குடோன் கட்டப்போவதாக ஓனர் வந்து சொன்னார். "சித்திரைத் திருவிழா முடியவும் காலி பண்ணிக் குடுத்துருத்தா. நானும் என்ன செய்ய" என்றார். கெட்ட மனிதர் இல்லை. குடோனுக்கு வருகிற வாடகை எங்களிடம் வராது, அவ்வளவுதான்.

என் கணவர் பாண்டி ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன்னே தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனால் பொழுது சாயத்தான் இறங்குவார். நான் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். பெண் பிள்ளைகள் இரண்டு. இரண்டும் இங்கேதான் பள்ளிக்கூடம் போகின்றன.

போடியில் வீடு இல்லாமல் இல்லை. எங்களுக்குத்தான் இல்லை. ஓரிடத்தில் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டதும், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தோம். இன்னோரிடத்தில், "இருட்டோட ஜீப்ப உறும விடுவீக, எங்களுக்குத் தூக்கம் போயிரும்" என்றார்கள். மற்றோரிடத்தில் என் பெயரைக் கேட்டார்கள், சொந்த ஊரைக் கேட்டார்கள், அப்பா பெயரைக் கேட்டார்கள், கடைசியில் குலதெய்வம் எது என்று கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாதவளா நான்? சொன்னேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அரசாங்கம் கட்டும் அடுக்குமாடி வீட்டுக்கும் எழுதிக் கொடுத்திருந்தோம். வரும்போது வரும் என்றார்கள். சாமான்களை எல்லாம் பழைய சேலைகளில் மூட்டை கட்டிவிட்டேன். சின்னவள் அந்த மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். 

என் வயிறு எரிந்தது எதைப் பார்த்து என்றால், பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்துத்தான். எங்கள் தெருவிலேயே ஒன்று இருந்தது. சரசுவதி அக்காவின் வீடு. அவர் தேனியில் மகளோடு இருக்கிறார். முன்னொரு காலத்தில் குடிவைத்த ஆள் காலி செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்து, கேஸ் அது இது என்று அலையவிட்டுவிட்டானாம். அதிலிருந்து எவருக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்று பூட்டிவிட்டார். வருடத்தில் ஒரு தடவை, மாரியம்மன் முளைப்பாரிக்கு மட்டும் சாவி கொடுத்தனுப்புவார். அந்த வீட்டு உள்ளறையில் ஜன்னல் கிடையாது. பயறு முளைக்க இருட்டு வேண்டுமே, அதற்குத் தோதான அறை.

அந்த வருடம் முளைப்பாரிக்குக் காப்புக் கட்டியவள் நான். வீட்டுப் பிரச்சினை வருவதற்கு முன்பே நேர்ந்துகொண்டது. பயறு போட்ட நாளிலிருந்து விரதம் இருந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்து வர வேண்டும். காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. பாண்டி மனது விட்டுப்போய்ச் சொன்னார், "தேவாரத்துல எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவோம் லட்சுமி. புள்ளைகள அங்கிட்டுச் சேத்துக்கிருவோம்."

"காப்புக் கட்டியிருக்கேன். எங்கிட்டும் வர முடியாது" என்றேன்.

"காப்பு அவுத்த பெறகு?"

 சொம்பைத் தூக்கிக்கொண்டு முளைப்பாரி வீட்டுக்குப் போய்விட்டேன்.

உள்ளறையில் மண் ஓடுகளில் வரிசையாகப் பயறு வெளிர்மஞ்சளாகக் கிளம்பி நின்றது. தண்ணீர் தெளிக்கத் தெளிக்க எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வேண்டுதல் என்றால் பணிவாகக் கேட்பார்கள். நான் சண்டை போட்டேன். "ஆத்தா, ஒம் பயறுக்கு ஒரு ரூமு இருக்கு. பத்து நா இருந்துட்டு ஆத்துல கரையப் போற பயறுக்கு இருக்கு. ஏம் புள்ளைகளுக்கு இல்லையா? நீயும் குலதெய்வத்தக் கேட்டுட்டுத்தான் குடுப்பியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பயந்துபோய் அழுதேன். அழுத பிறகு மனது லேசாகிவிட்டது. அதுதான் அன்றைக்குக் கிடைத்த பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

முளைப்பாரி தூக்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம். பெண்கள் கும்மி தட்ட வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காப்பி போட அந்த வீட்டு அடுப்படியில் புதுப் பாத்திரத்தில் பால் வைத்தேன். உள்ளறை விளக்கில் எண்ணெய் இறங்கிவிட்டது என்று பெரியவள் கூப்பிட்டாள். எண்ணெய் ஊற்றப் போனவள் அங்கேயே கும்பிட்டு நின்றுவிட்டேன். அதற்குள் பால் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்து, அடுப்பு மேடையெல்லாம் நுரை.

கும்மிச் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ராசாத்தி மதினிக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன லட்சுமி, பாலு காய்ச்சிக் குடியேறிட்டியே. எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது. வாசலில் சரசுவதி அக்கா பையோடு நின்றுகொண்டிருந்தார். திருவிழாவுக்குத் தேனி பஸ்சில் வந்து இறங்கியிருக்கிறார்.

 அடுத்தவர் வீட்டில் பால் பொங்கவிட்டால் என்ன அர்த்தம்? அதுவும் குடிவைத்து நொந்துபோன மனுசி வீட்டில். "அக்கா, தெரியாமப் பொங்கிருச்சு. நான் வீடு கேக்கலக்கா, ஆத்தா சத்தியமாக் கேக்கல" என்று முந்தானையாலேயே துடைக்கப் போனேன்.

"தொடைக்காத" என்றார் அக்கா.

அடுப்புப் பக்கத்தில் வந்து வழிந்த பாலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்த அடுப்படியில பாலு பொங்கி எத்தன வருசமாச்சு" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஒங்க வீட்ட இடிக்கிறாகளாமே, ராசாத்தி போன்ல சொன்னா. வேற எடம் பாத்தாச்சா?"

"இல்லக்கா."

"எனக்கு வேணுங்கிறப்பக் காலி பண்ணிக் குடுப்பியா?"

நான் காப்புக் கட்டிய கையை நீட்டினேன். "நீங்க கேட்ட அன்னைக்குச் சாவி ஒங்க கையில இருக்கும்" என்றேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பாலு பொங்குன வீட்டப் பூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல. அந்த வீட்டுக்குக் குடுத்த வாடகையவே எனக்கும் குடு. உள்ரூமு மட்டும் வருசா வருசம் ஆத்தாளுக்கு விட்டுறணும்" என்றார்.

மறுநாள் முளைப்பாரியைத் தலையில் வைத்தபோது எனக்குக் கனமே தெரியவில்லை. காப்பு அவிழ்த்த கையோடு மூட்டைகளைத் தூக்கி வந்தோம். பாண்டி ஜீப்பைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறார், தெருவில் ஒருவர் தூக்கமும் கெடக் கூடாதென்று. சின்னவள் இப்போது தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

இதைப் படிப்பவர்களில் வீடு தேடி அலைகிறவர்கள் இருப்பீர்கள். ஆத்தாளிடம் போய்க் கேளுங்கள். பணிவாகக் கேட்க வரவில்லை என்றால் சண்டை போட்டுக் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தையும் அவளிடமே கொடுத்துப் பாருங்கள்.

நான் அடுப்பில் பால் வைத்தால் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன், ஒரு சொட்டு வீணாக விடமாட்டேன். ஆனால் வருடம் ஒருநாள், முளைப்பாரி தூக்குவதற்கு முந்தின சாயங்காலம், பாலை வைத்துவிட்டு உள்ளறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விடுவேன். பால் பொங்குகிறது என்று பெரியவள் கூப்பிட்டாலும் வெரசாக வருவதில்லை.