அக்கா டீச்சரைப் பார்க்கப் போன நாள்

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டுமாம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். தூத்துக்குடியில் மழை பெய்தால்தானே ஒதுங்க! நான் சொல்கிறேன், அக்கா மகள் எழுதுகிறாள்.

அக்கா பிறந்தது கீழவைப்பாரில். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில். மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு, கருவாடு போட்டு விற்று ஒரே மகளை வளர்த்தார்.

எழுபதுகளில் மகள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளியிலிருந்து ஆள் வந்தது. பிள்ளை பல நாள் வரவில்லை. தாய் வந்து பதில் சொல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றார்கள். அன்று சாயங்காலமே ஒத்திகை. நான் மீன்பெட்டி மேல் உட்கார்ந்து டீச்சர் ஆனேன்.

“ஏளா, பிள்ளைய ஏன் அனுப்பல?”

“ஏலே, டீச்சர்மாரு ‘ஏளா’ன்னா கூப்பிடுவாவ? ஒழுங்காக் கேளு.”

“சரிம்மா. ஏன் அனுப்பல?”

“காய்ச்சல்.”

“எத்தன நாளு?”

“நாப்பது.”

“நாப்பது நாளு காய்ச்சல்னா பிள்ளை போய்ச் சேந்திருக்கும்க்கா! இடையில அம்மையும் போட்டுச்சுன்னு சொல்லு.”

பொய் முழுவதும் என் சரக்கு. சாட்சியும் நானே.

மறுநாள் அக்கா எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துக் கழுவி, கல்யாணச் சேலை கட்டி வந்தார். டீச்சர் வெள்ளை அங்கி போட்ட மதர். நாற்காலி இருந்தும், அங்கியைக் கண்டதும் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்போல அக்கா முழங்காலில் நின்றுவிட்டார். பிறகு பொய் எங்கே வரும்?

“காய்ச்சல் இல்ல மதர். கருவாடு காயப்போட நாந்தான் பிள்ளைய நிறுத்துனேன். அழுதுக்கிட்டேதான் நின்னா. தண்டன எனக்குத் தாங்க. அவ எழுதட்டும்.”

மதர் என் பக்கம் திரும்பினார். “நீங்க யாரு?”

“காய்ச்சலுக்குச் சாட்சி, மதர்.”

அவர் சிரித்துவிட்டார். “சாட்சிக்கு வேலை இல்ல போல. இனிக் கருவாட்ட அவரு பாக்கட்டும். பிள்ளை ஒரு நாளும் தவறாம வரணும். விட்டுப்போன பாடத்த நான் சாயங்காலம் சொல்லித்தாரேன்.”

மறுநாளே கருவாடு புரட்டினேன். “என்ன அண்ணாச்சி, மதர் குடுத்த அபராதமா?” என்று தெருப் பெண்கள் கேட்டார்கள். காக்கைகள்கூட என்னை மதிக்கவில்லை.

பரீட்சை அன்று அக்கா பள்ளி வாசலில் வெயிலில் நின்றார். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, “எம் மக உள்ள இருக்கா. எழுதுதா” என்றார்.

கடைசி நாட்களில் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டாருக்கும், அடக்கத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், அன்று அந்த வாசலில் அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, “நல்லா எழுதுவா, போ” என்ற பெயர் தெரியாத அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.