வெள்ளைக் கோடி

பேர்ஷியாவில் வேலை பார்த்து லீவில் வந்திருந்த என் மாமாவுக்கு யாரோ ஒரு கல்யாணப் போட்டோவைக் காட்டித் தொலைத்திருந்தார்கள். அதில் இரு வீட்டுப் பெண்களும் ஒரே மாதிரி உடுத்து வரிசையாக நின்றார்களாம். சித்தியின் கல்யாணத்துக்கும் அப்படித்தான் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அம்மா சிவப்பு என்றாள். அவரவர் இருப்பதை உடுத்து வரட்டும் என்றார் அப்பா. அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த எங்களுக்கு நிலச்சட்டம் வந்து சொந்தமாகக் கிடைத்த பத்து சென்டில், யாரிடமும் அனுமதி கேட்காமல் போடப்போகும் முதல் பந்தல் அது. அதில் யாரிடமும் ஒரு குறைச்சொல் கேட்டுவிடக் கூடாதே என்று அவருக்குப் பயம். மாமாவோ பாலராமபுரம் போய், கசவு என்கிற ஜரிகைக்கரை வைத்த வெள்ளைச் சேலைகளைக் கட்டாக வாங்கியே வந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி. பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை. சித்தி அதே திருநெல்வேலியில் இரண்டு வருடம் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் ட்ரெயினிங் படித்தவள். அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கமும் இல்லை.

சேலை விஷயத்தைச் சம்பந்தி வீட்டுக்கு எழுத வேண்டும். நாங்கள் மலையாள நாட்டு எல்லைக்காரர்கள்; அப்பாவும் மாமாவும் படித்தது மலையாளம். கல்யாணப்பெண்ணே எழுதுவது முறையில்லை. மிச்சமிருந்தது தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்த நான். மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சித்தி எட்டிப் பார்த்தாள்.

“புதுச்சேலைன்னு எழுதாத மக்கா. கோடின்னு எழுது. அதாக்கும் மரியாத.”

ஓணத்துக்கு எனக்குக் கிடைப்பதும் கோடிதானே. ‘பெண்கள் அனைவருக்கும் வெள்ளைக் கோடி நாங்களே தருகிறோம். அதை உடுத்தியே பந்தலுக்கு வரவும்’ என்று குண்டு குண்டாக எழுதினேன்.

பதில் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அப்பா முற்றத்துக்கு இறங்குவார். எனக்கோ, ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டுவிட்டேனோ என்று பயம். கல்யாணம் நின்றுபோனால் குற்றவாளி நான்தான் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதி வைத்திருந்தேன். சித்தி மட்டும் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

பதினோராம் நாள் மாப்பிள்ளையின் அப்பா இரண்டு பேருடன் வந்து இறங்கினார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. என் கடிதத்தை எடுத்து பெஞ்சில் வைத்தார்.

“எங்க வீட்டு ஆம்பளையள் எல்லாரும் உசுரோடதான இருக்கோம்?”

கூட வந்த ஒருவர் விளக்கினார். அவர்கள் ஊரில் கோடி என்றால் தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் துணி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதிலும் வெள்ளை. அதிலும் எல்லாருக்கும்.

“இங்ஙன கோடின்னா புதுத்துணியாக்கும்” என்று மாமா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. “நானாக்கும் எழுதினேன். எனக்குத் தமிழு செரிக்கு அறிஞ்சூடா” என்று அழுதேன். சித்தி சொல்லித் தந்ததை விழுங்கிவிட்டேன். அவள் கல்யாணமாயிற்றே.

அவர் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பச்சப்புள்ள எழுதுனதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தோம்” என்று சிரித்து, உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். வெள்ளை தவிர யாரும் எதையும் உடுத்தலாம் என்று முடிவாயிற்று. மாமாவின் சேலைக்கட்டு பரணுக்குப் போனது.

பாராட்டு வாங்க அடுக்களைக்கு ஓடினேன்.

“நீ எதுக்கு மக்கா சொன்ன?” என்றாள் சித்தி. கண் கலங்கியிருந்தது.

அவளுக்காக நான் பழி ஏற்றதை நினைத்து அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை சித்தி என்று பெரிய மனுஷி போலச் சொன்னேன். திருநெல்வேலியில் இரண்டு வருடம் இருந்தவளுக்குக் கோடி என்றால் என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவள் கல்யாணத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.