முயல் வந்த வழி

என் ஓரகத்தி ராமாயியை வாயால் ஜெயித்தவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. ரேஷன் கடைக்காரர், மாரியம்மன் கோயில் பூசாரி, சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர் என்று ஒவ்வொருவரும் ஒரு தடவை மோதிப் பார்த்து ஓய்ந்தவர்கள்தான். நடவு வயலில் இருபது பெண்களை வரிசையாக இறக்கிவிட்டு, குனிந்த தலை நிமிராமல், யார் கை எங்கே தூங்குகிறது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு முயல், ஒரே ஒரு காட்டு முயல், மூன்று வாரம் படாதபாடு படுத்தியது. நான் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவள். பார்த்ததோடு போயிற்றா, முதல் திட்டும் எனக்குத்தான் விழுந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

திருத்துறைப்பூண்டி டவுன் முடிகிற இடத்தில் எங்கள் ஆறு வீடுகள். வாசலில் இறங்கினால் கரண்டு கம்பம், ரைஸ்மில், அரசாங்க ஊழியர்களுக்குக் கட்டிய புதுக் குவார்ட்டர்ஸ். கொல்லைப்பக்கம் இறங்கினால் பண்ணை வயல், வரப்பு, அதைத் தாண்டி முள்ளியாற்றங்கரைப் புதர். மண் சுவரும் கீற்றுக் கூரையும் எங்களுடையவை. அவை நின்ற தரை பண்ணையுடையது. இரு என்றால் இருக்க வேண்டும், கிளம்பு என்றால் சட்டிபானையைத் தூக்க வேண்டும். அது கூலிச் சண்டையும் கொடிச் சண்டையுமாக ஊரே கொதித்துக் கிடந்த காலம். எவனாவது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பெயர் கொடுத்தால் மறுநாள் அவன் வீட்டுக் கூரை இருக்குமா என்றே தெரியாது.

எழுபத்தொன்றில் குடியிருப்புச் சட்டம் வந்தது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம், வீட்டை ஒட்டி அவன் புழங்குகிற இடமும் சேர்த்து என்று சங்கத்துத் துரைராசு வந்து சொன்னபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. ராமாயி மட்டும் அன்றைக்கே கைநாட்டு வைத்து மனு கொடுத்தாள். எங்கள் ஐந்து வீட்டுக்கும் கொல்லை என்று சொல்ல ஒரு முழம்தான் உண்டு. அவள் வீடு கடைசி வீடு. அதற்குப் பின்னால் பத்துக் குழி, அதாவது மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட, இடம் இருந்தது. பண்ணையின் காரியக்காரர் கலியபெருமாள் சும்மா இருப்பாரா? வீட்டை வேண்டுமானால் அவள் எடுத்துக்கொள்ளட்டும், கொல்லை பண்ணையின் தரிசு, அதில் அவளுக்கு அனுபோகமே இல்லை என்று எதிர்மனு போட்டார். பங்குனி இருபதாம் தேதி தாசில்தாரே வந்து இடத்தைப் பார்ப்பார் என்று நோட்டீஸ் வந்தது.

துரைராசு ராமாயியிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்தப் பத்துக் குழியும் பச்சையாக நிற்க வேண்டும். பச்சையாக நின்றால் அது கொல்லை, காய்ந்து கிடந்தால் தரிசு. தரிசு என்றால் போச்சு.

பத்து வயசில் வயலில் இறங்கியவள் ராமாயி. அவள் நட்ட நாற்றை ஒரே வரிசையில் வைத்தால் தரங்கம்பாடிக் கடற்கரை வரைக்கும் போகும். அதில் ஒரு கதிர் அவளுடையதில்லை. தன் கையால் நட்டதைத் தானே பறித்துத் தன் உலையில் போட வேண்டும், அதுதான் அவள் ஆசை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். மாசி மாதம் பிறந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கொத்தினார்கள். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, ஓரத்தில் அவரை. குளத்துக்கும் கொல்லைக்கும் குடம் குடமாக நடந்தாள். எட்டாம் நாள் முளை தலை காட்டியது. குவார்ட்டர்ஸ் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள், தொட்டிலில் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

மாசி பத்தாம் தேதி காலையில் பார்த்தால் அரைப் பாத்தி மொட்டை.

நேராக என் வாசலுக்கு வந்தாள். என் ஆட்டை, என்னை, எனக்கு ஆடு கொடுத்த என் அப்பாவை, அவரைப் பெற்றவர்களை என்று வரிசையாக எடுத்தாள். எனக்கும் வாய் இருக்கிறதே. பதிலுக்கு நானும் கொடுத்தேன். அப்புறம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் நிறுத்தினேன். ஆடு தின்றால் பிய்த்து இழுக்கும். இந்தத் தண்டுகள் அரிவாளால் சாய்த்து அறுத்த மாதிரி இருந்தன. பாத்தியோரம் கிடந்த புழுக்கையும் ஆட்டுப் புழுக்கை இல்லை. உருண்டையாக, காய்ந்து, நசுக்கினால் உள்ளே வெறும் புல். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து புழுக்கையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தோம். அது முயல் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. மன்னிப்பா கேட்பாள்? சாயங்காலம் ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்தது. அவளிடமிருந்து அவ்வளவுதான் கிடைக்கும்.

அவள் புருஷன், என் மூத்தார் வீரையன், வாய் திறக்காத மனுஷன். வேலை மட்டும் பேசும். கருவை முள் வெட்டி வந்து வேலி அடைத்தார், அடியில் பனைமட்டையைச் செருகி ஒரு எலி நுழைய இடமில்லாமல். மறுநாள் காலையில் கொத்தவரை இல்லை. ராமாயி குனிந்து குனிந்து வேலியைச் சுற்றி வந்தாள். எங்கும் ஓட்டை இல்லை. முயல் தாண்டிக் குதித்திருக்கும் என்று வேலியை இடுப்பு உயரத்திலிருந்து மார்பு உயரத்துக்கு ஏற்றினார்கள். அதற்கு மறுநாள் தண்டுக்கீரை இல்லை.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சலூன் கண்ணுசாமியிடம் ஒரு சாக்கு நிறைய வெட்டிய முடி வாங்கி வந்து பாத்தியைச் சுற்றித் தூவினாள், மனுஷ வாடைக்கு முயல் வராதாம். வந்தது. கருவாடு கழுவிய தண்ணீரைத் தெளித்தாள். அதற்கு முயல் வரவில்லையோ என்னவோ, டவுனிலிருந்த பூனையெல்லாம் வந்து பாத்தியை உழுதுவிட்டுப் போயின. சாணித் தண்ணீரைக் கரைத்து இலையிலேயே அடித்தாள். நல்ல எரு ஆயிற்று, மொட்டையான கீரை மறுபடி தளதளவென்று துளிர்த்தது, முயல் இன்னும் ருசித்துத் தின்றது. ரைஸ்மில் நாயைக் கொண்டுவந்து கட்டினாள். அது வாங்கித் தின்ற சோற்றுக்கு ஒரு தடவையாவது குரைத்திருக்கலாம். என் வீட்டுக்காரர் தங்கையன், குழம்புக்கு ஆசைப்பட்டு, வேலியோரம் கண்ணி வைத்தார். ராமாயியின் சேவல் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சேவல் குழம்பு தின்றோம்.

பங்குனி பிறந்துவிட்டது. பத்துக் குழியில் மிஞ்சி நின்றது ஓரத்து அவரை மட்டும். துரைராசு வந்து பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அன்றைக்குச் சாயங்காலம் ராமாயி மொட்டைப் பாத்தி நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை திட்டினாலும் அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இது என் மண்ணு இல்லன்னு முயலுக்குக்கூடத் தெரிஞ்சிருச்சு, கண்ணாத்தா" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முயல் மேலா, காரியக்காரர் மேலா, அவள் மேலா என்று தெரியவில்லை. மறுநாள் விடிய ஆரம்பித்ததும் எழுந்து, என் வீட்டுக் கொல்லைச் சுவரோரம் குந்திக்கொண்டு அவள் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்துதான் வருகிறது என்று பார்த்துவிடுவது என்ற வீம்பு.

வந்தது. வரப்பு மேலேயே வந்தது. பதுங்கவில்லை, குதிக்கவில்லை, ஏதோ வேலைக்குப் போகிற மாதிரி நடுவழியில் தத்தித் தத்தி வந்து, வடக்கு மூலையில் வேலி இல்லாத இடத்தில் நுழைந்து, இரண்டு காதையும் ஒருதரம் ஆட்டிவிட்டு அவரையில் வாயை வைத்தது.

வேலி இல்லாத இடமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், ஒரு ஆள் தாராளமாக நடக்கிற அகலத்துக்கு அங்கே வேலியே இல்லை. அது காரியக்காரர் வருகிற வழி. முப்பது வருஷமாக விடிகாலையில் கலியபெருமாள் வரப்போடு வந்து, அந்த மூலையில் நுழைந்து, ராமாயி வீட்டுக் கொல்லைக் கதவடியில் நின்று, ஆட்களைக் கிளப்பச் சொல்லிக் குரல் கொடுப்பார். ஆட்களை வயலுக்கு அழைத்துப் போகிறவள் அவள்தானே. அந்த வழியில் ஒரு விறகுக்கட்டை கிடக்கக் கூடாது, ஒரு கோழி நிற்கக் கூடாது. தினமும் அவளே பெருக்கித் தண்ணீர் தெளித்து வைப்பாள். வேலி அடைக்கும்போது மூத்தார் தன்னையறியாமல் அதை விட்டுவிட்டு அடைத்திருக்கிறார். ஓட்டை தேடி வேலியைச் சுற்றி வந்த ராமாயி, அந்த இடத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தாண்டியிருக்கிறாள். நானும் தாண்டியிருக்கிறேன். துரைராசு சைக்கிளை உருட்டிக்கொண்டு அது வழியாகத்தான் வெளியே போனார். எங்கள் யார் கண்ணுக்கும் அது திறந்து கிடக்கிற இடமாகவே படவில்லை. முயலுக்கு மட்டும் பட்டது.

அன்றைக்கு வயலில் வேலை இல்லை, காரியக்காரர் வர மாட்டார். நான் போய் எல்லாரையும் எழுப்பி அந்த மூலையைக் காட்டினேன்.

"அது அய்யா வர்ற வழியாச்சே" என்றார் மூத்தார். அந்த மாதத்தில் அவர் பேசியது அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் பயந்ததில் தப்பில்லை. அந்த வழியை அடைத்தால் வேலை போகும், அவள் வேலை மட்டுமில்லை, எங்கள் ஆறு வீட்டு வேலையும் போகும். ராமாயி அந்த மூலையைப் பார்த்தாள், மொட்டைப் பாத்தியைப் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய கருவைக் கிளையைத் தரதரவென்று இழுத்து வந்து குறுக்கே போட்டாள். மூத்தார் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, பனைமட்டையை எடுத்து வந்து அடியில் செருகினார். அன்றைக்கே அந்த நடைவழியையும் கொத்திப்போட்டு, கொல்லை முழுக்க முளைக்கீரை தெளித்தாள். பதினெட்டு நாள் இருந்தது. முளைக்கீரைக்கு அது போதும்.

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் காரியக்காரர் சத்தம் கேட்டது. முதலில் அதட்டல், அப்புறம் முள் குத்திய அலறல், அப்புறம் ஒன்றுமில்லை. வரப்பில் திரும்பி நடந்து, ரைஸ்மில் சாக்கடையைத் தாண்டி, குவார்ட்டர்ஸ் தெரு முழுக்கச் சுற்றி, வேட்டியெல்லாம் சேறாக ராமாயி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். அந்த வாசலை அவர் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. ராமாயி பழைய சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"இருங்கய்யா, கையக் கழுவிட்டு வரேன்" என்றாள்.

அவர் இருந்தார். தெருவில் நாலு பேர் பார்க்க, தண்ணீர்க் குழாய்க்கு வந்த பெண்களெல்லாம் பார்க்க, கலியபெருமாள் நின்றார். அவள் கையைக் கழுவ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இனி ஒருத்திக்கும் பண்ணையில் வேலை இல்லை என்று கத்திவிட்டுப் போனார். நான்கு நாள் சும்மா இருந்தோம், ஐந்தாம் நாள் உளுந்து காய் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. பறிக்க ஆள் வேண்டுமே. மறுபடியும் சாக்கடையைத் தாண்டி வந்தார்.

பங்குனி இருபது. தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். கொல்லை முழுக்கக் கீரை ஒரு சாண் உயரத்தில் நின்றது. காரியக்காரர் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார். கீரை நேற்று முளைத்தது, ஆனால் முப்பது வருஷமாகப் பண்ணைக்கு இது வழியாக நடைபாதை இருக்கிறது, பாதை பண்ணையுடையது என்றால் கொல்லையும் பண்ணையுடையதுதான் என்றார். அந்த மூலை மட்டும் திறந்து கிடந்திருந்தால், பெருக்கித் தண்ணீர் தெளித்த பாதையை அவர் கையை நீட்டிக் காட்டியிருப்பார். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பாதை எங்கே என்று தாசில்தார் கேட்டார். காரியக்காரர் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் கீரையும் முள்வேலியும்தான் இருந்தன. தாசில்தார் ராமாயி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இங்க வழி இருந்துச்சா? உண்மையைச் சொல்லு."

துரைராசு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று சொல்லச் சொல்லி. ராமாயி பொய் சொல்லவில்லை.

"இருந்துச்சுங்கய்யா. அது வழியா வந்துதான் முயல் எல்லாத்தையும் தின்னுட்டுப் போச்சு. அதான் அடைச்சிட்டேன்."

தாசில்தார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பின்னால் நின்ற பியூன் சிரித்தான். குவார்ட்டர்ஸ் பெண்கள் சிரித்தார்கள். காரியக்காரர் மட்டும், இல்லை இல்லை, அது நான் வருகிற வழி என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் அந்த முயலே தான்தான் என்று ஆகிவிடும் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், மூடிக்கொண்டார். வழியை அடைத்துப் பயிர் வைத்தவள் அவள், அனுபோகமும் அவளுடையதுதான் என்று தாசில்தார் ஃபைலில் எழுதினார். ஆடி மாதம் பட்டா வந்தது, கொல்லையோடு சேர்த்து.

ஜீப் போனதும் ராமாயி முதல் கட்டுக் கீரையைப் பறித்து உலையில் போட்டாள். இரண்டாவது கட்டை எனக்குக் கொடுத்தாள். மூன்றாவது கட்டை எடுத்துக்கொண்டு போய் வடக்கு மூலையில் வேலிக்கு அந்தப் பக்கம், வரப்பு மேல் போட்டாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், அது பழுத்த இலை என்றாள். ஒரு இலைகூடப் பழுத்திருக்கவில்லை.