ராகு காலத்துக்கு முன் நின்ற இன்ஜின்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்தாறு. மைசூர் விமானத் திடலில் என் மகள் ஓட்டிவந்த சின்ன விமானம் தரையிறங்கி, வரவேற்புக் கூட்டத்துக்கு எதிரே வந்து நின்றது. பத்தரைக்கு ராகு காலம். கெட்டது அங்கேதான் தொடங்கியது.

விமானம் ஒரு காப்பித் தோட்ட முதலாளியுடையது; அவரும் உள்ளே இருந்தார். வாங்கியபின் முதன்முறையாக ஊருக்கு வருகிறதென்று நாதஸ்வரம், ஆரத்தித் தட்டு, ஆளுயர மாலை. எனக்கும் முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

முந்தின வாரம்தான் சாப்பிடும்போது மகள் விளக்கியிருந்தாள். உயரே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் பலமிழக்கும். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவது டர்போ. அது இருந்தால்தான் சுமையோடு நீலகிரியைத் தாண்ட முடியும். அந்தச் சக்கரம் நெருப்பாகக் காய்ந்திருக்கும்; இறங்கியதும் ஐந்து நிமிடம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கிலேயே அது கரியாகிவிடும்.

மூக்கில் விசிறி சுற்றும்போது முதலாளிக்கு மாலை போட முடியாது. முதலாளியின் மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

"ஏன் ஸார், பொண்ணோட அப்பா நீங்கதானே? நிறுத்தச் சொல்லுங்க. இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு."

"அது ஆறணும்..."

"ஆறணுமாம்! தோசைக்கல்லா அது? முதலாளி ராகு காலத்துல மாலை வாங்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கையை உயர்த்தி, நிறுத்து என்று சைகை காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். விசிறி நின்றது.

ராகு காலம் முடிந்து, பன்னிரண்டே காலுக்கு முதலாளியை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள். ஒரு மணிக்குள் திடலின் ரேடியோவில் அவள் குரல் வந்தது. மலைக்கு மேல் பலம் குறைகிறது, எண்ணெய் அழுத்தம் இறங்குகிறது, சாமராஜநகர் பக்கம் திரும்புகிறேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

நான்கு மணி நேரம். ஷாமியானாவின் கீழ் வரவேற்புக்கு வந்த ஆட்கள் மிச்சமிருந்த கேசரிபாத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். விரலில் நெய் மினுங்க மேனேஜர் சொன்னார்: "பொம்பளைப் பிள்ளை கையில கொடுத்தா ஹீகே ஆகோது, இப்படித்தான் ஆகும்." அவர் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தேன். இன்ஜினியரிங் படித்தவன். ரயில்வே பட்டறையில் இருபது வருஷம். சூடான பேரிங் என்ன ஆகுமென்று எனக்கா தெரியாது? முன்பு வேறு ஊர்களில் ஓட்டியவர்களும் மாலைக்காக இப்படியே நிறுத்தி நிறுத்தி அதைப் பாதி கொன்றிருந்தார்களாம். அது பிறகு தெரிந்தது. மீதியைக் கொன்றது என் கை.

ஐந்து மணிக்கு மேல் கரும்பு லாரி ஒன்று வாசலில் நின்றது. முதலாளி முதலில் இறங்கி, யாரையும் பார்க்காமல் காருக்குப் போனார். பின்னால் என் மகள். உழுத வயலில் இறக்கியிருக்கிறாள். புடவைத் துணியில் கட்டிய இடது கை, முழங்கால் வரை சேறு. நான் ஓடிப்போய் நின்றேன்.

"அவங்க கத்தியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்ப்பா," என்றாள். "நீங்க கை காட்டினீங்க."